இஸ் பக்கம், ஆர் பக்கம்

சட்டைப்பையில் இருந்தது விடைத்தாள் என்று தெரியவந்தபோது, அந்தச் சட்டை மூன்று முறை அலசிப் பிழியப்பட்டிருந்தது.

விசில் சார் ஈரப்பைக்குள் இரண்டு விரல்களை விட்டு, வெள்ளை உருண்டை ஒன்றை வெளியே எடுத்தார். நான்காம் வகுப்பு ஆங்கில இலக்கணப் பயிற்சி நூலின் கடைசித் தாள் அது. ‘இஸ்’ வருமா ‘ஆர்’ வருமா என்ற இருபது கேள்விகளின் விடைகளும் அதில்தான் இருந்தன. இப்போது அது காதில் அடைக்கும் பஞ்சாகத்தான் உதவும்.

“பையைப் பார்க்காம துணியைப் போட்டது யாரு?” என்றாள் மனைவி.

“போட்டது நான்தான். பார்க்காம துவைச்சது யாரு?”

“அப்ப நாளையிலேர்ந்து நீங்களே பார்த்துப் பார்த்துத் துவைச்சுக்குங்க.”

விடைத்தாள் போனதோடு துவைக்க ஆளும் போயிற்று.

விசில் சார் உடற்பயிற்சி ஆசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளை நேர்கோட்டில் ஓடவைத்தவர். ஆங்கில ஆசிரியை பிரசவ விடுப்பில் சென்றதும், காலையில் அவருக்கு வகுப்பில்லை என்ற ஒரே தகுதியைக் கண்டு தலைமையாசிரியை ஆங்கிலத்தை அவர் தலையில் கட்டினார். நாற்காலியின் கால் உடைந்தால் தச்சரைத் தேடுகிறார்கள். மொழிக்கு ஆசிரியர் இல்லையென்றால் சும்மா இருப்பவரைத் தேடுகிறார்கள். காலம் அப்படி.

கட்டியதோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார் என்றும், அதற்குள் இருபது கேள்விகளும் பிழையின்றி முடிந்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். “இல்லேன்னா சாயங்கால விளையாட்டு வகுப்பை எடுத்துட்டு, அங்கயும் இங்கிலீஷ்தான் வைக்கப் போறேன்.”

விளையாட்டு வகுப்பு விசில் சாருக்கு உயிர்மூச்சு. ஆங்கிலத்திலோ அவருக்கு ‘ரெடி’, ‘ஸ்டெடி’ ஆகிய இரண்டு சொற்களில் மட்டுமே சந்தேகம் இல்லை.

சரி, வேறு விடைத்தாள் கிடைக்காதா? முதல்நாளே, பிள்ளைகள் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று முப்பத்தெட்டுப் பேரின் கடைசித் தாளையும் கிழித்து வாங்கியவர் அவர்தான். ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எஞ்சிய முப்பத்தேழையும் எரித்து, சாம்பலாகும்வரை அருகிலேயே நின்றவரும் அவர்தான். கடமையுணர்ச்சி அளவுக்கு மீறினால் இப்படித்தான் தன் வேட்டியிலேயே தீப்பற்றும்.

புத்தகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் கொடுத்த புதுப் பிரதியிலும் கடைசித் தாள் இல்லை.

“எங்க போச்சு?”

கடைக்காரர் பணிவுடன் சுவரைக் காட்டினார். ‘கடைசித் தாளைக் கிழித்த பின்னரே விற்கவும்’ என்ற கடிதம், இரண்டு அடிக்கோடுகளோடும் விசில் சாரின் கையெழுத்தோடும், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. “உங்களை மாதிரி ஒரு கண்டிப்பான வாத்தியாரை நான் பார்த்ததே இல்ல சார்.”

அடுத்து மைத்துனன். மருந்துக் கடையில் வேலை. மருத்துவர்களின் கையெழுத்தையே படிப்பவன் என்பதால் குடும்பத்தின் ஆங்கிலப் புலவன் அவன்தான். இருபது கேள்விகளையும் ஒரு மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“எல்லாத்துக்கும் ரெண்டுமே வரும் மாமா.”

“ஒண்ணைத்தான் எழுதணும்னு போட்டிருக்கே?”

“அப்ப ஏதாவது ஒண்ணை எழுதுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதினா இன்னும் நல்லது.”

திங்கட்கிழமை விசில் சார் வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகளிடமே விடையைக் கேட்டுவிடலாம். ஆனால் ஆசிரியருக்குத் தெரியாது என்பது மாணவருக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் விசிலுக்கு என்ன மரியாதை? ஆகவே ஓர் உபாயம் செய்தார். விடை ‘இஸ்’ என்பவர்கள் சன்னல் பக்கம், ‘ஆர்’ என்பவர்கள் கதவுப் பக்கம் நிற்க வேண்டும். கூட்டம் எங்கோ விடை அங்கே.

முதல் கேள்வி, பாயின்மேல் கிடக்கும் பூனைக்குட்டிகளைப் பற்றியது. முப்பத்தேழு பேர் கதவுப் பக்கம் போனார்கள். ‘வாலு’ என்று வகுப்பே அழைக்கும் ஒரு சிறுமி மட்டும் அவர் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சன்னல் பக்கம் போய் நின்றாள்.

“ஏம்மா, நீ மட்டும் அங்க நிக்கிற?”

“நான் நிக்கிறது சரியா தப்பா, சொல்லுங்க சார்.”

விசில் சார் கதவுப் பக்கக் கூட்டத்தைப் பார்த்தார். முப்பது பேர் பின்தங்க, ஒருவன் முந்தும் ஓட்டப்பந்தயங்களை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! கூட்டத்தை எப்படி நம்புவது? அவருடைய தொழிலில் தகராறுக்குத் தீர்வு ஒன்றே ஒன்றுதான்.

“மைதானத்துல முடிவு பண்ணிக்கலாம்” என்று வடம் இழுக்கும் போட்டிக் கயிற்றை எடுத்தார்.

ஒருத்திக்கு எதிராக முப்பத்தேழு பேர் என்பது நியாயமில்லை. சந்தேகம் உள்ளவர்கள் பக்கம் மாறலாம் என்று அறிவித்தார். வாலு எதையோ கிசுகிசுத்தாள். உடனே பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது.

கதவுப் பக்கம் வென்றது. விசில் சார் ‘ஆர்’ என்று கரும்பலகையில் எழுதினார். அந்தச் சிறுமியிடம் தப்பியதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

தினம் ஐந்து கேள்விகள். “இஸ்! இஸ்!” என்று ஒரு பக்கமும், “ஆர்! ஆர்!” என்று மறுபக்கமும் எழுப்பிய கூச்சலில் பள்ளி அதிர்ந்தது. புதன்கிழமை கணக்கு ஆசிரியர் மூச்சிரைக்க வந்தார். “ஏழெட்டு ஐம்பத்தாறா ஐம்பத்துநாலான்னு எங்கிட்ட கயிறு கேக்கறாங்க சார். ஐம்பத்துநாலு பக்கம் குண்டுப் பசங்க நிறைய இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு.”

வியாழக்கிழமை இருபதாம் கேள்வியில் கயிறு அறுந்தது. இரு பக்கமும் மல்லாந்து விழ, விடை அந்தரத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பத்தொன்பது விடைகளையும் தம் கோப்பிலிருந்த விடைப் பட்டியலோடு ஒப்பிட்டார், ஒன்றிலும் பிழையில்லை. வியந்தது விசில் சார்தான். உண்மைக்கு உடல் பலமும் உண்டு என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

“இருபதாவது ஏன் காலியா இருக்கு?”

விசில் சார் பையிலிருந்து வீட்டுத் துணிக்கொடியை எடுத்தார். அதை அவிழ்த்து வந்ததற்காக இனி அந்த வீட்டில் சோறும் கிடைக்குமோ கிடைக்காதோ. அதிகாரியின் கண்ணெதிரே முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் இழுத்தார்கள். சன்னல் பக்கம் வென்றது. அதிகாரி பட்டியலைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

“இது என்ன முறை?”

“செயல்வழி இலக்கணம் சார்” என்றார் தலைமையாசிரியை, கண் இமைக்காமல். பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால் எந்தக் கூத்தும் கல்வித் திட்டமாகிவிடும் என்பதை அறிந்தவர் அவர்.

விளையாட்டு வகுப்பைத் தொடவே கூடாது, முடிந்தால் இன்னொன்று கூட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி போனார்.

விசில் சாருக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சில் இரக்கமும் சுரந்தது. சிவந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்த வாலுவின் அருகில் போய் அமர்ந்தார். இருபது முறையும் தோற்ற பக்கத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான்.

“கவலைப்படாதே கண்ணு. இங்கிலீஷ் உனக்கு மட்டும்தான் வரல. சாயங்காலம் நான் தனியா சொல்லித் தர்றேன்.”

வாலு துணிக்கொடியை அழகாகச் சுற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க எல்லாருக்கும் இது போன வருஷமே தெரியும் சார், யாராவது தப்பான பக்கம் நின்னு தோத்தாத்தானே உங்களுக்குச் சரியான விடை தெரியும்?”