முடியாதக்கா மட்டாஞ்சேரி பார்த்த நாள்

எறணாகுளம் மாவட்டத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும், முடியாதக்காவைச் சம்மதிக்க வைத்த ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. கொச்சி மழையைக்கூட கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிடலாம். அக்காவின் வாயிலிருந்து 'சரி' என்ற சொல்லை வரவழைக்க யாராலும் ஆகவில்லை.

காக்கநாட்டில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்பக்கம் ஒரு சந்து. அங்கே முன்பக்கம் தகரம் வேய்ந்த அக்காவின் தோசைக் கடை. கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். மிக்ஸிக்கும் குக்கருக்கும் கூடவே வரும் குறிப்புப் புத்தகங்களைத் தமிழில் எழுதுவது அப்போது என் வேலை. அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் விசாரித்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் முதல் வார்த்தையாக 'முடியாது' என்று வந்ததால், மலையாளிகள் உட்பட சந்து முழுக்க அவளுக்கு முடியாதக்கா என்றே பெயர்.

கண்ணாடிக் கட்டடத்து மேனேஜர் ஒருவர் எண்ணெய் குறைத்து ஒரு தோசை கேட்டார். முடியாது, எண்ணெய் ஆகாதென்றால் கஞ்சி குடிக்கலாம் என்றாள் அக்கா. பைக்கில் வந்து பொட்டலம் வாங்கிப் போகும் இளைஞர்களுக்கும் அதே கதிதான். தோசை வண்டியில் போகாது, தின்கிறவர் நடந்து வரட்டும் என்று திருப்பி அனுப்பினாள். ஒன்பதாவது மாடியிலிருந்து ஆட்கள் லிஃப்டில் இறங்கி, வெயிலில் நடந்து வந்தார்கள். திட்டு வாங்கினால்தான் தோசை ருசிக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கையே வந்துவிட்டது.

ஒரு முறை கட்சிக்காரர்கள் தலைவருக்கு அலங்கார வளைவு வைக்க, கடை வாசலில் குழி தோண்ட கடப்பாரையோடு வந்தார்கள். அக்கா சண்டை போடவில்லை. அவர்கள் சுண்ணாம்பால் அடையாளம் போட்ட இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். கடப்பாரைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அது வெங்காயத்தாலா தோல்வியாலா என்பது தெரியவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. இருவருக்கும் ஊர் கம்பம் பக்கம். மேஸ்திரி யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைக்கும்போது காண்டிராக்டர் போன் அடித்தாலும், கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் விட்ட 'முடியாது'களைத்தான் அக்கா மொத்தமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இவர்கள் கொச்சிக்கு வந்து எத்தனையோ வருஷம். வந்த நாள் முதல் காக்கநாடு, களமசேரி என்று கட்டடம் எழும்பும் இடங்களைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் நினைத்ததில்லை, நாத்தனார் வரும்வரை.

நாத்தனார் குடும்பம் குருவாயூருக்கு வேன் பிடித்து வந்தது. போகிற வழியில் அரை நாள் கொச்சியைச் சுற்றிவிட்டு, கடைக்கு வந்து போனில் படங்களைக் காட்டினார்கள். சீன வலை, மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு. "இத்தனை வருசம் இங்கன இருந்து என்னத்தப் பாத்தீங்க?" என்று நாத்தனார் கேட்டாள். கேலிகூட இல்லை, நிஜமான சந்தேகம்தான். அக்கா அவள் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். அக்கா பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, புதன்கிழமை தாங்கள் இருவரும் டூர் போவதாகவும், போர்டு படிக்கவும் போட்டோ எடுக்கவும் நான் கூட வருவதாகவும் தெரிவித்தாள். அலுவலகத்தில் லீவு கிடைக்காது, முடியாது அக்கா என்றேன்.

"தம்பி, அந்த வார்த்தையெல்லாம் இந்தக் கடையில நான் மட்டுந்தான் சொல்லணும்" என்றாள்.

புதன்கிழமை கடைக்கதவில் 'இன்னிக்கி முடியாது' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. வாடிக்கையாளர்கள் அதைப் படித்துவிட்டு, வழக்கமான பதில்தானே என்று நெடுநேரம் காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா கல்யாணப் பட்டுப் புடவை உடுத்தியிருந்தாள். மேஸ்திரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. எறணாகுளம் துறையில் படகு ஏறினோம். உள்ளே உட்கார்ந்ததுமே மேஸ்திரிக்குத் தெரிந்த ஒரு சூப்பர்வைசர் சேட்டன் எதிரே வந்து, வல்லார்பாடத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, மதியம் வந்து எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மேஸ்திரியின் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிட்டது. அக்கா குறுக்கே புகுந்தாள்.

"இன்னிக்கிப் பணி இல்ல சேட்டா. இன்னிக்கி நாங்க டூரிஸ்டு."

சேட்டன் பட்டுப் புடவையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்.

அரண்மனையில் சுவர் முழுக்க ராமாயண ஓவியம். அக்கா ஒவ்வொரு உருவமாக நின்று பார்த்து, அந்தக் காலத்து ராணிகள் சமையலுக்கு ஆள் வைத்திருந்தார்களா, தாங்களே சமைத்தார்களா என்று என்னைக் கேட்டாள். படித்த போர்டில் அது இல்லை என்றேன். அப்படியென்றால் அது என்ன போர்டு என்றாள். மேஸ்திரி ஓவியம் எதையும் பார்க்கவில்லை. கறுப்பாக மின்னிய பழைய தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார். காவலர் ஓடி வந்தார். அக்கா அவரைத் தடுத்து நிறுத்தினாள். வீட்டுக்காரர் எதையும் பெயர்க்க மாட்டார், ஆசையாகப் பார்க்கிறார், கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்றாள். காவலர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானும் குனிந்து ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

யூதர் தெருவில் மிளகும் ஏலக்காயும் மணக்கும் ஒரு கடை முன்னால், வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று பட்டுப் புடவையைக் கண்டு கேமராவைத் தூக்கியது. அக்கா உள்ளங்கையை நீட்டி மறைத்தாள். இவள் சொன்ன 'முடியாது'வுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு அந்த இருவரையும் மசாலா மூட்டைகளுக்கு நடுவே நிற்கவைத்து, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். அவர்கள் நம்மைப் பார்க்க வந்திருக்கிறார்கள், நாமும் அவர்களைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்பது அவள் நியாயம். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கணவர் தோளில் கை போட்டு, தலையைச் சாய்த்து நின்றாள். அக்கா அதைக் கவனித்துவிட்டு, மேஸ்திரியிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். வெட்கம் போலிருக்கிறது.

மத்தியானம் கால் வலித்தது. காயலை ஒட்டி, பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்து ஒரு காபிக்கடை வைத்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்தபடி நாற்காலிகள். உட்கார்ந்தால் அங்கேதான் என்றாள் அக்கா. வாசலில் நின்ற காவலாளி மேஸ்திரியின் வெடித்த விரல்களையும் மஞ்சள் பையையும் பார்த்தார். எங்கள் தமிழும் அவர் காதில் விழுந்தது.

"பணிக்காரு பின்னில் கூடி வரணம்."

வேலைக்கு வந்தவர்கள் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்றார். அதட்டவில்லை, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பின்பக்கம் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கல் அறுக்கும் சத்தம் கேட்டது.

மேஸ்திரி சரியென்று தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் நடந்தார்.

நாங்கள் சாயா குடிக்க வந்தவர்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கால் தன்பாட்டில் திரும்பிவிட்டது.  அக்கா நாலு எட்டில் போய் அவர் கையைப் பிடித்தாள். தெருவில், பட்டப்பகலில் அவள் அவர் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"எங்க போறீங்க? வாசல் இங்கன இருக்கு."

காவலாளியிடம் திரும்பி ஒரே ஒரு 'முடியாது' சொன்னாள். கணவர் கையை விடாமல் உள்ளே போய், தண்ணீருக்கு மிக அருகில் இருந்த மேஜையில் உட்கார்ந்தாள். வெளியே நின்ற நானும் ஓடிப்போய் உட்கார்ந்தேன். டை கட்டிய இளம் மேனேஜர் வந்து, அது முன்பதிவு செய்த மேஜை என்றார். செய்தவர்கள் வரட்டும், வந்ததும் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறோம் என்றாள் அக்கா. யாரும் வரவில்லை.

சாயா வந்தது. தனிப் பாத்திரத்தில் வெந்நீர், தனியாகப் பால், நூலில் தொங்கும் ஒரு தேயிலைப் பை. இது சாயா இல்லை, சாயாவுக்கு வேண்டிய சாமான்கள் என்று அக்கா திருப்பி அனுப்பினாள். இரண்டாவது முறை கலந்தே வந்தது. கடுப்பம் போதாது, தண்ணியாக இருக்கிறது என்று அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவதுக்கும் அவள் முகம் சுளித்தபோது மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. அப்படியானால் சேச்சியே அடுக்களைக்கு வந்து போட்டுக் காட்டலாமே என்றார்.

"முடியாது. நான் இன்னிக்கி லீவு."

பக்கத்து மேஜையில் இருந்த கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனசு இன்னும் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். 

அப்போதுதான் மேஸ்திரி தன் கோப்பையைக் கீழே வைத்தார். காலியாக இருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, விரலை உயர்த்தி மேனேஜரைக் கூப்பிட்டார்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னொரு சாயா கொண்டாங்க."

வேலைத் தளத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குகிறவர் அவர். குரல் வாசல்வரை கேட்டது. காவலாளி திரும்பிப் பார்த்தார். அக்கா காயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சரக்குப் படகு போய் மறையும்வரை திரும்பவேயில்லை. நானும் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மேஸ்திரி இரண்டாவது சாயாவை நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும் முன் போன் அடித்தது. காண்டிராக்டர். எடுத்து, இன்று வரமுடியாது, வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். தன்னிடமிருந்து ஏதோ திருட்டுப் போனதுபோல அக்கா அவரைப் பார்த்தாள். கிளம்பும்போது காவலாளி கதவைத் திறந்து பிடித்தார். மேஸ்திரி அவரிடம் ஊர் எது என்று விசாரித்தார். ஆலப்புழைப் பக்கமாம். குடும்பத்தோடு ஒரு நாள் காக்கநாட்டுக்குத் தோசை சாப்பிட வாங்க என்று அழைத்தார் மேஸ்திரி. எண்ணெய் குறைக்கச் சொல்லக்கூடாது என்று மட்டும் அக்கா சேர்த்துக்கொண்டாள்.

திரும்பும் படகில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டெய்னர் கப்பல் ஒன்று கட்டடம்போல் அசையாமல் நின்றது. அதைக் காட்டலாம் என்று திரும்பினால், இருவரும் தூங்கிப்போயிருந்தார்கள். அக்காவின் தலை மேஸ்திரியின் தோளில். அவர் தலை அவள் தலைமேல். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எறணாகுளம் வந்து எல்லோரும் இறங்கினார்கள். படகுக்காரர் வந்து அவர்களை எழுப்பக் கை நீட்டினார். நான் தடுத்தேன். படகு மறுபடி மட்டாஞ்சேரிக்குத்தான் போகும் என்றார். தெரியும், மூன்று டிக்கெட் கொடுங்கள் என்றேன். எழுந்ததும் அக்கா என்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள். விடட்டும் என்று, அவர்கள் முகத்தில் வெயில் படாதபடி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.