பின்னால் சுற்றிய லேத்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனிதன் அதிக நேரம் பேசுவான். நான் பேசியது இருபத்துநாலு ஃப்ரேமைப் பற்றி.

அப்போது ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னியாக இருந்தேன். சம்பளம் ப்ளூ-ரே டிஸ்க் வாங்கவே சரியாக இருந்தது. “சினிமான்னா செகண்டுக்கு இருபத்துநாலு ஃப்ரேம். மத்ததெல்லாம் சீரியல்” என்று கேன்டீனில் கை காயும்வரை பேசுவேன். (எதிரில் இருப்பவர் எழுந்து போயிருப்பார்.)

கிருஷ்ணகிரியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மாங்காய் மண்டி வைத்திருந்த பெண்ணின் அப்பா, “தம்பிக்கு பர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் தட்டு மாத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் வண்டி தயாரிக்கும் ஒரு கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஆர்டர் கொடுப்பதற்காக வருவதாக இருந்தது. எங்கள் இயந்திரங்களைப் படமெடுத்துக் காட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். இருபத்துநாலு ஃப்ரேமில் எடுத்து, ப்ளூ-ரேயில் பதிந்து, வீட்டில் ஒருமுறை போட்டும் பார்த்தேன். நிறத்தை மட்டும் ரசித்தேன்.

மீட்டிங் ரூமில் பெரிய திரை. லேத் ஓடியது. இரும்பைப் பிடித்துச் சுழலும் சக், திரையில் ஆற அமரப் பின்பக்கமாகச் சுற்றியது. சக்கின் வேகமும் ஃப்ரேமின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கண் இப்படி ஏமாறுமாம். அதை அப்புறம்தான் படித்தேன்.

“ஸ்வல்ப நில்ஸப்பா” என்றார் எங்கள் மேனேஜர். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். நிறுத்தினேன்.

வந்திருந்தவர் கேட்டார்: “ஏன் ரிவர்ஸ்ல சுத்துது?”

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். “இருபத்துநாலு சார்.”

“இருபத்துநாலு மெஷினும் இப்படித்தானா?”

எல்லோரும் பாதுகாப்பு ஷூ மாட்டிக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்குப் போய், ஒவ்வொரு லேத்தையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே சுற்றின. ஆர்டர் வந்தது. எனக்கு பர்மனென்ட் மட்டும் தள்ளிப்போனது.

கிருஷ்ணகிரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“மெஷினு நேராத்தான சுத்திச்சு?”

“ஆமாங்க.”

“அப்ப இருக்கட்டும் தம்பி. காத்திருக்கலாம்.”

காத்திருந்தார்கள். கல்யாணம் நடந்தது, பெண் குழந்தையும் பிறந்தது. அவள் முதன்முதலில் தவழ ஆரம்பித்தபோது முன்னால் வராமல் பின்னாலேயே போனாள். என் மனைவி பயந்துபோய் டாக்டரிடம் காட்டலாம் என்றாள்.

மாமனார் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“டாக்டரு எதுக்கும்மா? கொழந்த நேராத்தான் போவுது. அவங்கப்பன் பாக்கறப்ப அப்படித் தெரியும்.”