மூன்று சுழி மணம்

கிறீச் என்று சத்தம் போடும் எதையும் சும்மா விட முடியாத வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கதவு, கட்டில், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின், எதுவானாலும் கை பரபரக்கும். கையை வைத்துச் சரியும் செய்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பொருள் சத்தம் போடாது. (பெரும்பாலும் வேறு எந்த வேலையும் செய்யாது.)

2008 இல் இந்த வியாதி என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

புளத்கொகுபிட்டிய பஜாரிலிருந்து மேலே ஏறினால் எங்கள் ரப்பர் தோட்டம். அம்மா மரத்தில் பால் வெட்டப் போவார், அப்பாவுக்கு ஃபெக்டரியில் அந்தப் பாலை உறையவைத்துச் சீட் அடிக்கும் வேலை. நான் கேகாலையில் கம்ப்யூட்டர் ஹார்ட்வெயார் கோர்ஸ் ஒன்று முடித்துவிட்டு, பஜாரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். லயத்து வீடுகளில் எல்லோரும் என்னை ‘கம்ப்யூட்டர் மிஸ்’ என்பார்கள். அந்தப் பெயர் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

றக்வானப் பக்கத்திலிருந்து, ஸ்கூலில் படிப்பிக்கும் ஒரு தமிழ் மாஸ்டர் தன் அம்மாவோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். அவர்கள் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். அப்பா இல்லாத வீடு, அம்மா சொல்வதுதான் சட்டம். அந்த அம்மா வீட்டுக்குள் வந்ததிலிருந்து சேலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. எவ்வளவு அடக்கமான மனுஷி என்று என் அம்மா குசினிக்குள் வந்து மெச்சினார். (வெளியூர்க்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தால் எல்லோருக்கும் மூக்குக்குக் கை போகும். ஏதோ சளி, தடிமன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.)

எனக்கு மாஸ்டரைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. அதை முழுக்கக் குடித்துவிட்டு, “நல்லா இருக்குங்க” என்றார். இப்படி ஒரு மனிதரை விட்டுவிட்டால் இன்னொருவர் கிடைக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கட்டாரிலிருந்த தன் அண்ணனின் குடும்பத்தை எங்களுக்குக் காட்டுவதற்காக மாஸ்டர் ஒரு லெப்டொப்பைத் திறந்தார். அண்ணன் பாவித்துவிட்டு அனுப்பிய பழசு. கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை வைக்கிற இடத்தில் கையை வைத்தார். பிளாஸ்டிக் உள்ளே அமுங்கி ‘கிறீச்’ என்றது. அதே நேரத்தில் அவருடைய அம்மா பிரம்பு நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

சபை மரியாதைக்காக எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

அடுத்த படத்துக்கு இன்னொரு கிறீச். அம்மையார் அசையாமல் இருந்தும் சத்தம் வந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. என் அப்பா நல்ல மனசோடு, “ராத்திரி மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டா எனக்கும் இப்படித்தான்” என்றார்.

இனி நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “அது லெப்டொப்புங்க. உள்ள க்ளிப் ஒடஞ்சிருக்கும். வச்சிட்டுப் போங்க, நான் சரி பண்ணித் தாறேன்.”

“பரவாயில்லைங்க, பழகிப்போச்சு” என்றார் மாஸ்டர். பிறகு என்ன நினைத்தாரோ, “சரி, வச்சிட்டுப் போறேன். அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்” என்றார். வந்து எடுத்துக்கொள்கிறாராம். இன்னொரு தரம் வர ஒரு சாட்டு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கோர்ஸில் சொல்லிக்கொடுத்த வைத்தியம் சுலபமானது. மூடியைக் கழற்றி, அமுங்குகிற பிளாஸ்டிக்குக்கு அடியில் மெல்லிய ஸ்பொஞ்சோ ரப்பர் துண்டோ வைத்து மூட வேண்டும். ரப்பர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடம் போய் ரப்பர் கேட்கிறார்களே. அப்பாவிடம் ஒரு சீட் துண்டு வாங்கி வெட்டி வைத்தேன். தடிப்பு அதிகம், மூடி மூடவில்லை. மெல்லிதாகச் சீவினேன், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அப்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. பாலையே ஊற்றிவிட்டால் என்ன? பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி அதுவே உறைந்து உட்கார்ந்துவிடாதா?

அம்மாவின் வாளியிலிருந்து ஒரு சிரட்டைப் பால் எடுத்தேன். கழற்றிய மூடியைக் கவிழ்த்துவைத்து, அதன் அறைகளுக்குள் ஊற்றி, உறைவதற்கு இரண்டு சொட்டு அசிட்டும் விட்டேன். தயிர் மாதிரி உறைந்தது. பூட்டி அழுத்திப் பார்த்தேன். எந்த மூலையிலும் சத்தமே இல்லை. உறைந்த பாலை ரோலரில் போட்டுத் தண்ணீரைப் பிழிந்து, கழுவி, புகைபோட்டு எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் தோட்டத்தில் பேச்சு வராத குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று நான் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை இல்லை, கம்ப்யூட்டர் மிஸ்.

சனிக்கிழமை மாஸ்டர் வந்து அழுத்திப் பார்த்தார். திரும்பவும் அழுத்தினார். “சத்தமே இல்லீங்களே” என்றார். அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டு நான் சில நாள் சோறு சாப்பிடவில்லை.

புதன்கிழமை கடையில் இருக்கும்போது என் போனுக்கு மாஸ்டரிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. அந்தக் காலத்து போனில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்: ‘மனம் தாங்க முடியல. வீட்டுல யாராலயும் சாப்பிட முடியல. தூக்கமும் இல்ல.’

போட்டோகொப்பி மெஷினில் யாருடைய அடையாள அட்டையோ ஓடிக்கொண்டே இருந்தது. இப்படி எழுதுவாரா? இந்த அமைதியான மனிதரா? சரி, அவர் சாப்பிடாமல் இருக்கிறார், அது நியாயம். வீட்டில் மற்றவர்கள் எதற்குச் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். என்னை அவ்வளவு பிடித்துவிட்டது போல என்று முடிவு செய்தேன். (அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு தன்னம்பிக்கை.)

பதில் அனுப்பினேன்: ‘எனக்கும் அப்படித்தான்.’

நீண்ட நேரம் கழித்து ஒரு சொல் வந்தது: ‘உங்களுக்குமா?’

வெட்கத்தை விட்டு எழுதினேன்: ‘ஆமாங்க. முதல் நாள்லேருந்தே.’

அதற்குப் பிறகு பதிலே இல்லை. அவருக்கும் வெட்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஒரு வரி வந்தது: ‘நாளைக்கு அம்மாவோட வாறேன். பேசணும்.’ நாள் குறிக்கத்தான் வருகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். அம்மா கோழி அடித்தார். நான் நீலச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து வாசலில் நின்றேன்.

இருவரும் வந்தார்கள். மாஸ்டரின் கையில் உரப்பைக்குள் பை, பைக்குள் பொலித்தீன், எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் வரிந்த ஒரு பொதி. “உள்ள வாங்க மாப்பிள்ளை” என்றார் அப்பா. அவர் வரவில்லை. பொதியைத் தூரத்தில், வேலி ஓரமாக வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். என்னைப் பார்க்கவும் இல்லை.

அவருடைய அம்மாதான் பேசினார். “ஒரு கெழமையா வீட்டுல பொழங்க முடியலைங்க. எலி செத்துக் கெடக்குன்னு சீலிங் பலகையெல்லாம் கழட்டிட்டோம். பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போட்டு, அவ இப்ப என்னோட பேசுறதில்ல. கடைசியில பாத்தா இந்தப் பொட்டி. போட்டுச் சூடானா இன்னும் கூடுது.”

என் கண் வேலியோரப் பொதிக்குப் போனது. அவர் விடவில்லை.

“பஸ்ஸுல வாறப்ப கண்டக்டர் ‘மீயெக் மெரிலத?’ங்குறான். எலி செத்துப் போச்சாங்குறான். அவிசாவளையில செக்கிங். சண்டை நடக்குற இந்தக் காலத்துல தமிழ்ப் பொடியன் கையில இப்படிக் கட்டின ஒரு பொதி. பஸ்ஸுல எல்லாரையும் எறக்கிட்டாங்க. எனக்கு உசிரே இல்ல. பிரிக்கச் சொன்ன பொலிஸ்காரன் மோந்து பாத்துட்டு, ‘மேக்க ஒட்டபாலு நே’ன்னு சிரிச்சான். அவன் கேகாலைக்காரனாம், ரப்பர் தெரிஞ்சவன்.”

ஒட்டுப்பால். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து, சாக்கில் கிடந்து அழுகுகிற பால். சிங்களத்திலும் அதற்கு எங்கள் சொல்தான். ஆனால் அந்தச் செக்கிங் பகிடி இல்லை. அந்தப் பஸ்ஸிலிருந்து மாஸ்டரை இறக்கிக் கொண்டுபோயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இன்றைக்கும் கதையில் அந்த இடத்துக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

“அது கூட இருக்கட்டும்” என்றார் அந்த அம்மா. “இவன் மணம் தாங்க முடியலைன்னு எழுதினா, எனக்கும் அப்படித்தான், முதல் நாள்லேருந்தேன்னு பதில் அனுப்பியிருக்கீங்க. அப்ப தெரிஞ்சேதானே குடுத்தீங்க? எங்களப் புடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே?”

“மனம்னுதானே எழுதினீங்க” என்றேன்.

மாஸ்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார். “மணங்க. மூணு சுழி. நாத்தம்னு எழுத ஒரு மாதிரியா இருந்துச்சு.”

“நான் ரெண்டு சுழின்னு நெனச்சேன்.”

ஆங்கில எழுத்துக்கு எத்தனை சுழி என்ற கவலை கிடையாது. ஒரு தமிழ் மாஸ்டரின் வாழ்க்கையில் அது விளையாடிவிட்டது. நான் முதல் நாளிலிருந்தே தாங்க முடியாமல் இருந்தது எதை என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. காது வரைக்கும் சிவந்துபோனார். என் அப்பாவுக்கும் புரிந்தது. அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

ஆனால் அந்த அம்மா இளகவில்லை. “அதெல்லாம் பேச்சு. இந்த நாத்தம் மூக்குல ஏறாம ஒரு பொண்ணு பொட்டிய மூடிக் குடுக்க முடியுமா?”

என் அம்மா வேலியோரம் போய்ப் பொதியை அவிழ்த்தார். ஸ்குரூ டிரைவரால் நான் மூடியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளாக, கொழகொழவென்று நான் ஊற்றிய பால். மாஸ்டரும் அவருடைய அம்மாவும் தேயிலைக்காரர்களாகப் பின்னாலே போய்க் கொய்யா மரத்தடியில் நின்றார்கள். நாங்கள் மூன்று பேரும் ரப்பர்காரர்களாக முன்னால் குனிந்தோம்.

அம்மா மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார். “இதுல என்ன நாத்தம்? ஒண்ணுந் தெரியலையே.”

அப்பாவும் மோந்தார். “லேசாப் புளிச்ச மாதிரி இருக்கு. நல்ல பால்தான்.”

நானும் மோந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீடு எப்போதும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அப்போதுதான் பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மா மூக்கிலிருந்து சேலையை எடுக்காதது எதற்காக என்று எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒருவருக்கும் தடிமன் இல்லை.

மல்லிகையும் நீலச் சேலையுமாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். “நெசமாவே எங்களுக்குத் தெரியாதுங்க.”

கொய்யா மரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த அம்மா சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றார். அழுகிறார் என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “அட கடவுளே, மூணு பேருக்கும் நெசமாவே தெரியலடா” என்று மகனிடம் சொன்னார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, “ஒங்க வீட்டு மணம் எங்க வீட்டுக்கு வந்து ஒக்காந்திருச்சு. போக மாட்டேங்குது. இனி பொண்ணு மட்டும் இங்க இருந்து என்னத்துக்கு? அனுப்பி வைங்க” என்றார்.

கோழிக்கறியைக் கொய்யா மரத்தடியிலேயே பரிமாறினோம்.

பாலைச் சுரண்டிக் கழுவி வெயிலில் வைத்த பிறகு லெப்டொப் பல வருடம் ஓடியது. கிறீச்சும் திரும்பி வந்துவிட்டது. மழை நாளில் அதைத் திறந்தால், ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசை டீச்சர் எழுந்து போய்விடுவாராம். றக்வானவில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதவு, கட்டில், அலுமாரி எல்லாம் சத்தம் போடுகின்றன. நான் எழுந்தால், “இருக்கட்டும் கண்ணு, நீ ஒக்காரு” என்று அத்தை தடுத்துவிடுவார்.

இப்போதைய போன்களில் தமிழ் எழுத்து ஜோராக இருக்கிறது. ஆனாலும் நான் அம்மாவைப் பார்க்கப் புளத்கொகுபிட்டிய போய் இரண்டு நாள் தங்கினால், ஆங்கில எழுத்திலேயே ஒரு மெசேஜ் வரும், அதே பழைய மூன்று சொல். எத்தனை சுழி என்று கேட்டால் மட்டும் மாஸ்டர் இன்றுவரை சொல்வதில்லை.