எங்கும் போகாத சைக்கிள்

ஜொகூர் பாரு,
மார்ச் 12, 1943.
(ஜப்பான்காரர்களின் அலுவலகக் காலண்டர் 2603 என்கிறது. எனக்கு அவ்வளவு வயதாகவில்லை.)

அன்புள்ள தம்பி கேப்ரியலுக்கு, உன் அக்கா கத்தரின் எழுதுவது.

ஆண்டவர் அருளால் நான் இங்கே சுகம். நீயும் உன் மனைவி ஜோனும் பேத்தி டொரத்தியும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். ஒரு மாதமாக உனக்காக மட்டும் பத்து மணி கூடுதலாகச் சொல்கிறேன். காரணம், நீ எழுதிய கடிதம்.

தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள் என்பதால் இதை லாரிக்கார ஐயாசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் மனதில் உள்ளதை எழுதுகிறேன். முதலில், உன் கடிதத்தில் நான்கு இடத்தில் "முட்டு வலி" என்று எழுதியிருக்கிறாய். முட்டுவது ஆடு. எனக்கு வலிப்பது மூட்டு. இரண்டாவது, "அக்கா, நீங்கள் இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது, காஹாங்குக்கு வந்துவிடுங்கள், பின்அறை காலியாக இருக்கிறது, நாற்காலி போட்டுத் தருகிறேன், உட்கார்ந்தே இருக்கலாம்" என்கிறாய். அந்தப் பின்அறையில் போன வருஷம்வரை என்ன கட்டியிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். அதுதான் உன் கடிதம் முழுக்க முட்டுகிறது.

உன் கடிதம் வந்த நாளையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். அன்று காலையில்தான் வீரமுத்து வந்து போனான். யார் என்று கேட்பாய். சண்டைக்கு முன்னால் நகராட்சியில் சாக்கடை எண்ணிக்கொண்டிருந்தானே, அவன். இப்போது எங்கள் தெருவுக்குத் தலைவன். டோக்கியோ மணி ஏழுக்கு, அதாவது நம் மணி ஐந்தரைக்கு, தெருவில் உள்ள அத்தனை பேரும் திடலில் வரிசையாக நின்று கையைத் தூக்கி, முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து உடற்பயிற்சி செய்யவேண்டும். வீரமுத்து ஒரு பெட்டியின் மேல் ஏறி "இச்சி, நி, சான், சி" என்று எண்ணுவான். எட்டுவரை எண்ணுவான். எட்டுக்கு மேல் ஜப்பான் மொழி அவனுக்கு வராது, ஆகையால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். நான் இரண்டு நாள் போனேன். முதல் நாள் மடக்கிய முழங்கால் நிமிரவில்லை. நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். இரண்டாவது நாள் மடங்கவே இல்லை. மூன்றாவது நாள் நான் போகவில்லை. உடனே வாசலுக்கு வந்துவிட்டான்.

"அம்மா, ஆர்டர் அப்படி லா. எக்சர்சைஸ் பண்ண முடியாதவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடலாம். வீடு காலியானா ஆபீஸ் எடுத்துக்கும். நல்ல வீடு, அஞ்சு படி, காத்து வருது."

"காத்து வருவது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"போன வாரம் ஆபீசர் கேட்டாரு, நான்தான் சொன்னேன்."

பார்த்தாயா! உன் அத்தான் முப்பது வருஷம் ரயில்வேயில் உழைத்துக் கட்டிய வீட்டை இவன் காற்றோடு சேர்த்து விலை பேசியிருக்கிறான். மத்தியானம் உன் கடிதம் வருகிறது, அதே பாட்டை நீயும் பாடுகிறாய். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். நான் வீரமுத்துவிடம் சொன்னது இதுதான்: "உடற்பயிற்சி வேண்டும், அவ்வளவுதானே? என் வீட்டில், என் நேரத்தில், என் மூட்டுக்கு ஏற்றபடி செய்வேன். வந்து பார்த்துக்கொள்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று தெரியாது. மறுநாள் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் சின்னத்தம்பியிடம் போனேன். நல்ல மனுஷன், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாததால் இப்போது புத்திமதி மட்டும் கொடுக்கிறார். "அம்மா, மூட்டை உட்கார வச்சா பூட்டு மாதிரி இறுகிடும். பாரம் ஏத்தாம சுத்த விடணும். சைக்கிள் மிதிங்க, ஆனா எங்கயும் போகாதீங்க. கால் நீளும்போது முழங்கால் கொஞ்சமா மடங்கியே இருக்கணும், விறைக்கக் கூடாது. மடங்கும்போது நெஞ்சுக்கு வரக் கூடாது. முதுகுக்குச் சாய்மானம் இருந்தா இன்னும் நல்லது" என்றார். மிதிக்கவேண்டும், போகக்கூடாது, சாய்ந்துகொள்ளவேண்டும். இப்படி ஒரு சைக்கிளை இந்த ஊரில் எவன் செய்து வைத்திருக்கிறான்?

சைக்கிள் கடைக் காளியப்பனிடம் போனேன். அவன் கடையில் இப்போது டயர் கிடையாது, டியூப் கிடையாது. சைக்கிளின் எலும்புகள்தான் தொங்குகின்றன. முதலில் ரொட்டிக்காரனுடைய பழைய சைக்கிளைக் காட்டினான். அதன் குறுக்குக் கம்பி என் இடுப்பு உயரம். "பாட்டி, சும்மா காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுங்க" என்றான். "முதலில், நான் உனக்குப் பாட்டி இல்லை. இரண்டாவது, காலைத் தூக்கிப் போட முடிந்தால் நான் ஏன் உன் கடைக்கு வருகிறேன்?" என்று கேட்டேன். பிறகு சாணைக்காரன் விட்டுப்போன மிதிசக்கரத்தைக் காட்டினான். அது ஒற்றைக் காலால் மிதிப்பது. வலது கால் மட்டும் குணமானால் நான் வட்டமாகத்தான் நடப்பேன் என்று அதையும் தள்ளிவிட்டேன். மூன்றாவதாக ஒரு நர்ஸ் விட்டுப்போன பெண்கள் சைக்கிள். கம்பி தாழ்வு, ஏறுவது சுலபம், ஆனால் சீட்டு அடியில் துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. பத்து மிதி மிதித்தேன்; இரண்டு முழங்காலும் மாறி மாறி மோவாய்க்கு வந்தன. கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கி, எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தேன். கான்வென்டில் சிஸ்டர் அப்படிப் பார்த்தால் வராந்தாவே அடங்கும். இங்கேயும் அடங்கிற்று.

வீட்டுக்கு வந்து உன் அத்தானின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் யோசித்தேன் என்பதைக் கவனி, ஏனென்றால் பதில் எனக்கு அடியிலேயே இருந்தது. மறுநாள் காளியப்பனை வரவழைத்தேன். அந்த நர்ஸ் சைக்கிளின் முன்சக்கரத்தையும் ஹேண்டிலையும் கழற்றச் சொன்னேன். பின்பாதியை மரக்கட்டையில் நிற்கவைத்து, முன்சக்கரம் இருந்த இடத்தில் பிரம்பு நாற்காலியை, பின்சக்கரத்தைப் பார்த்தபடி, போடச் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினால் மிதிகட்டை. நாற்காலியை ஓர் அங்குலம் தள்ளினால் முழங்கால் சரியாக நிற்கிறது. கூலி வேண்டாம், உன் அத்தானின் மழைக்கோட்டு போதும் என்றான். கொடுத்தேன். அவரும் மழையில் நனைய இனி வரப்போவதில்லை.

முதல் நாள் மிதித்தேன். கால் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. காளியப்பன் தலையைச் சொறிந்தான். "அம்மா, நீங்க எதிர்ப் பக்கமா உட்கார்ந்திருக்கீங்க இல்ல, அதனால பின்னாடி மிதிச்சாத்தான் சக்கரம் ஓடும்" என்றான். சரி, இந்தக் காலத்தில் வேறு எதுதான் நேராக ஓடுகிறது? பின்னோக்கி மிதித்தேன். சக்கரம் ஓடியது. அதே நேரத்தில் நாற்காலியும் பின்னால் ஓடியது, ஏனென்றால் அதைத் தரைப் பலகையோடு சேர்த்து ஆணி அடிக்கவில்லை. எங்கும் போகாத வண்டி என்று நான் செய்யவைத்தது, முதல் நாளே என்னை நாலடி பின்னால் கொண்டுபோய் ஊறப்போட்ட மரவள்ளிக்கிழங்குத் தொட்டியில் சாய்த்தது. இரண்டாவது நாள் ஆணி அடித்தாயிற்று. சேலை சங்கிலியில் மாட்டியது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் என்னை விடுவித்தார்கள். மூன்றாவது நாளிலிருந்து உன் அத்தானின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மிதிக்கிறேன். ஆமாம், எழுதிவிட்டேன். ஜோன் வாயில் கை வைத்துக்கொள்ளட்டும். இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறேன், மரியாதையாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஒரு வாரம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் வந்து, "அம்மா, சக்கரம் சும்மாதானே சுத்துது, நடுவில ஒரு தேங்காய்த் துருவி கட்டினா என்ன?" என்றாள். அவளே காளியப்பனைப் பிடித்துத் துருவியைச் சக்கரத்தின் நடுவில் மாட்டிவிட்டாள். நான் இந்தப் பக்கம் மிதிப்பேன், அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து தேங்காயைப் பிடிப்பாள். நாலு மிதிக்கு ஒரு மூடி. மறுநாள் வாசலில் ஏழு பேர் தேங்காயோடு நின்றார்கள். "இது என் மூட்டுக்கான வைத்தியம், மில் அல்ல" என்று சொன்னேன். "வைத்தியம்தான்மா, நாங்க சும்மா பக்கத்துல தேங்காயை வச்சுக்கிறோம்" என்கிறார்கள்! ஆனால் கேள், கேப்ரியல்: பத்தாவது நாள் ஐந்து படியையும் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினேன். நானே இறங்கினேன். கீழே போய் நின்று, ஒரு வேலையும் இல்லாததால், திரும்ப ஏறினேன்.

இப்போது வருகிறது வினை. தெருவில் உள்ள சைக்கிள்களையெல்லாம் மாத முடிவுக்குள் திடலில் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சைக்கிள் போனால் என் பயிற்சி போகும், பயிற்சி போனால் வீடு போகும். வீரமுத்துவுக்கு அது நன்றாகத் தெரியும். அது போதாதென்று, என் வீட்டில் கிர்ரென்று சத்தம் வருகிறது, மின்சாரம் எடுத்து இரகசியமாக ரேடியோ கேட்கிறாள் என்று வேறு போய்ச் சொல்லியிருக்கிறான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜப்பான் அதிகாரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் மிதித்துக்கொண்டிருந்தேன். எதிரில் தனலெட்சுமி தேங்காயோடு. அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இங்கே அதிகாரியைக் கண்டால் எழுந்து இடுப்புவரை வளைந்து வணங்கவேண்டும், அது உனக்குத் தெரியும். வளையாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதும் தெரியும். வீரமுத்து, "எழுந்திரிங்கம்மா, குனிங்க, குனிங்க" என்று கிசுகிசுத்தான். ஆனால் தம்பி, நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியும், அன்றைக்கு முடியவில்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டினேன், முதுகை நேராக வைத்துக்கொண்டேன், தொடர்ந்து மிதித்தேன்.

அதிகாரி மலாயில், "ஆப்பா இனி?" என்றார், இது என்ன என்று. வீரமுத்து முந்திக்கொண்டு, "பாசிகல், துவான், பாசிகல்!" என்றான், சைக்கிள் ஐயா, சைக்கிள் என்று. நான், "புக்கான் பாசிகல். உபாட்" என்றேன். சைக்கிள் அல்ல, மருந்து. அதிகாரி என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், துருவிய தேங்காயைப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டி, ஒரு சக்கரம்தானா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். டயர்? இல்லை என்றேன். ரேடியோக் கம்பி ஏதாவது ஓடுகிறதா என்று சங்கிலியைப் பார்ப்பதற்காக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் காலுக்கு நேரே இடுப்புவரை குனிந்தார். அதிகாரி குனிந்ததைக் கண்ட வீரமுத்துவும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் குனிந்தான். இரண்டு பேரும் குனிந்திருக்க, நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தேன். தனலெட்சுமி சாட்சி. எட்டுவரை எண்ணினேன், மனதுக்குள், நம் தமிழில்.

நிமிர்ந்தபோது அதிகாரியின் முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவர் முகம் சுளித்தார். பையிலிருந்து காகிதம் எடுத்து ஜப்பான் எழுத்தில் நாலு வரி எழுதி, சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். டிரஸ்ஸர் சின்னத்தம்பி ஆபீசில் விசாரித்துப் பொருள் சொன்னார்: "இது சைக்கிள் அல்ல. வயது முதிர்ந்த பெண்ணின் கால் மருந்து. இதை யாரும் எடுக்கக்கூடாது." வயது முதிர்ந்த என்ற இடம் தேவையற்றது. மற்றபடி நல்ல நடை.

ஆகவே, நான் காஹாங்குக்கு வரமாட்டேன். இந்த வீட்டை விட்டு ஓர் அடி நகரமாட்டேன். உன் பின்அறையில் திரும்பவும் ஆட்டைக் கட்டு, அதற்கு உட்கார்ந்தே இருக்கப் பிடிக்கும். என் வண்டி எங்கும் போகாது, அதில் இருக்கிற நானும் போகமாட்டேன். இதைப்பற்றி இனி எழுதாதே. எழுதினாலும் மூட்டு என்று நெடிலாக எழுது.

டொரத்திக்கு என் முத்தம். ஜோனுக்கு என் அன்பு, கால்சட்டை விஷயத்தை அவள் பெரிதுபடுத்தாவிட்டால். உனக்கு என் ஆசீர், நீ கோபப்பட்டாலும் அது உன்னை வந்து சேரும்.

இப்படிக்கு,
உன் பிரிய அக்கா,
கத்தரின் மரியநாதன்

பின்குறிப்பு: பின்அறையைக் கூட்டிக் கழுவி வை. பாஸ்கா திருநாளுக்கு வருகிறேன், இரண்டு இரவு மட்டும். பார்க்காமலே வேண்டாம் என்பது மரியாதை அல்ல, நேரில் வந்து சொல்கிறேன். உங்கள் எஸ்டேட்டில் எது இல்லாவிட்டாலும் ரப்பர் உண்டே. டயருக்குப் பதிலாக இரண்டு சக்கரத்திலும் சுற்றக் கெட்டியான பட்டை வெட்டி ஐயாசாமியிடம் கொடுத்தனுப்பு. காளியப்பன் நாலு நாள் எண்ணெய் விட்டுச் சீட்டை உயர்த்திவிட்டான்; நேற்று முன்சக்கரத்தையும் ஹேண்டிலையும் திரும்ப மாட்டி, வெறும் வளையத்தோடு தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைதான் விழுந்தேன், அதுவும் வீரமுத்துவின் மேல். முதல் இரவு வழியில் செனாயில் தனலெட்சுமியின் தங்கை வீடு. நான் இல்லாத நாளெல்லாம் தனலெட்சுமி இங்கே கிர்ரென்று மாவுக்கல்லைச் சுற்றுவாள். சத்தம் கேட்கிறவரை வீரமுத்துவுக்கு நான் வீட்டில்தான் இருக்கிறேன். வழியெல்லாம் சைக்கிளைப் பிடுங்குகிறார்களே என்று பயப்படாதே. என்னிடம் முத்திரை வைத்த காகிதம் இருக்கிறது. அது சைக்கிள் அல்ல.