இரண்டு ஸ்பூன் உபகாரம்

உபகாரிகளில் ஓர் இனம் உண்டு. கேட்காமலே உதவும் இனம். உங்கள் வாசல் கோலத்தில் விட்டுப்போன புள்ளியை வைப்பார். உங்கள் பெண்ணின் ஜாதகத்தை உங்களுக்கு முன்பே நாலு இடத்தில் கொடுத்துவிடுவார். உங்கள் விடுப்புக் கடிதத்தில் 'லேசான காய்ச்சல்' என்றிருப்பதைக் 'கடும் காய்ச்சல்' என்று திருத்தி, மேலதிகாரி பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வரும்படி செய்துவிடுவார். கோபப்பட முடியுமா? எல்லாம் நல்ல மனசு. அதுதான் தொல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக் கம்பெனி அலுவலகத்தில் இந்த இனத்தின் தலைமகன் இருக்கிறார். சீனியர் கிளார்க் தீனதயாளன். தியாகதுருகத்தில் வீடு, வீட்டில் இரண்டு எருமை. மதியம் யார் டப்பாவைத் திறந்தாலும், சட்டைப்பையிலிருந்து நெய்ப் புட்டியை எடுத்து ஒரு ஸ்பூன் விட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

அங்கே தனுஷா என்றொரு பெண்ணும் வேலை பார்க்கிறாள். கல்வராயன் மலைக்கு விதை கொடுக்கப் போன இடத்தில், கட்டிப்போட்ட கன்று கத்தக் கத்தப் பால் கறப்பதைப் பார்த்தாள். அன்றோடு பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டாள். இதற்கு வீகன் என்று பெயர் என்றாள். சும்மா விடுவார்களா? ஆறு மாதமாக அலுவலகமே அவளைத் திருத்தியது. மோரில் பாலே கிடையாது என்று ஒருவர் நிரூபித்தே காட்டினார்.

மேலாளர் தெரசா அம்மா ஒரு முடிவு கட்டினார். பொங்கல் சமையல் போட்டியில் தனுஷா முதல் பரிசு வாங்கினால், அவளுக்கென்று தினமும் பாலில்லாத சுக்குக் காப்பி வரும், யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வாங்காவிட்டால், அவள் எல்லாரையும் போல டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தனுஷா சம்மதித்தாள். கரியாலூரிலிருந்து சாமை வாங்கி வந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து, மூன்று முறை வீட்டில் ஒத்திகை பார்த்து, ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொண்டுவந்தாள்.

முதல் பரிசு அதற்கே. தேங்காய்ப்பாலுக்கு இத்தனை மணமா என்று தெரசா அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டார். தனுஷாவும் ஆசையாக ஒரு கிண்ணம் குடித்தாள். நம் கைக்கா இந்த வாசனை என்று அவளுக்கே சந்தேகம்.

தீனதயாளனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நல்லது செய்துவிட்டு நாலு பேருக்குச் சொல்லாமல் இருப்பது எப்படி?

"பொண்ணு கிண்ணம் கழுவப் போயிருந்துச்சி. மோந்து பார்த்தேன், வாசன கம்மியா இருந்துச்சி. நாந்தான் ரெண்டு ஸ்பூன் நெய்யி வுட்டேன்."

தனுஷா கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, சைவந்தானே? நெய்யில இன்னா எலும்பா கீது?"

"ஜெயிச்சது உங்க நெய்யி சார். பரிச நீங்களே வாங்கிக்குங்க" என்றாள் அவள். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

அடுத்தவர் கை பட்ட பண்டத்துக்குப் பரிசு கிடையாது என்பது போட்டி விதி, விதி விதிதான். பரிசு யாரோ கொண்டுவந்த எலுமிச்சை சாதத்துக்குப் போயிற்று. தெரசா அம்மாவுக்கே மனசில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். தனுஷா கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்று விட்டாள்.

நாலு மணிக்கு டீ வந்தது. தீனதயாளனுக்கு உண்மையாகவே மனசு தாங்கவில்லை. அவரே ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார்.

"கோச்சிக்காதம்மா. ஒனக்குன்னு பாலு கம்மியா போடச் சொன்னேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள்.

இந்த மனுஷனைத் திட்டத் தோன்றுகிறதா? தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒன்று, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: சாமை, தேங்காய்ப்பால், வெல்லம் என்று மேலே படித்தபோதே, 'நாலு முந்திரியையாவது நெய்யில் வறுத்துப் போட்டிருக்கலாமே' என்று நினைத்தீர்களா, இல்லையா?