சாம்பிள் மாதிரியே

நல்லான் மருதாள் மெஸ்ஸுக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

"சனிக்கெழமைக்குள்ள பாக்கி வரலீன்னா, ஞாயித்துக்கெழமை உனக்கு எலை இல்ல, பாத்துக்க," என்றாள் மருதாள்.

அன்றைக்குத்தான் சித்ரகலா வந்தாள். கருத்துக்கணிப்பு எடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர். வார்டு எலெக்சனுக்காக வீதிக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீதியில அம்பது பேருகிட்டக் கேட்டு அம்பது சாம்பிள் எடுத்துக் குடுங்கண்ணா. நெரப்புன பாரம் ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு ரூபா. சாம்பிள் சரியா இருந்தாத்தானுங்க ரிசல்ட் சரியா வரும்."

நல்லான் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

"சாம்பிளப் பத்தி எனக்கே சொல்றீங்களா? பதினெட்டு வருசமா செக்கிங்குல இருக்கறனுங்க."

திருப்பூரில் சாம்பிள் என்றால் ஒன்றுதான். முதலில் ஒரு பனியன் தைத்து அனுப்புவார்கள். சரக்கு வாங்குகிற பையர் சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் தைக்கிற பத்தாயிரமும் அதே மாதிரி இருக்க வேண்டும். காலர் கால் இஞ்ச் மாறினாலும் நல்லான் ரிஜெக்ட் கூடையில் போட்டுவிடுவான்.

மறுநாள் காலை முதல் பாரத்தோடு மருதாளிடமே போனான். மெஸ் வாசலில் பால்காரர், பழவண்டிக்காரர், சிலிண்டர் போடுகிறவர் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருதாள் குழம்பைக் கிண்டியபடியே எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வார்டுல முக்கியக் கொறை என்னங்க?"

"கொசுதான். வேறென்ன?"

"ஓட்டு எந்தச் சின்னத்துக்குங்க? குடைக்கா, சீப்புக்கா?"

"ஒரே சீப்புதான்."

"மாறுமுங்களா?"

"தெனமும் அதேதான? இன்னிக்கென்ன புதுசாக் கேக்கறது?"

நல்லான் எழுத்துக் கூட்டி எழுதினான். கொசு. சீப்பு. உறுதி. சாம்பிள் ரெடி.

அடுத்து அயர்ன் மாஸ்டர் பொன்னுச்சாமி.

"என்ற ஓட்டு குடைக்கு. கொறைன்னா சாக்கடை."

"அப்படிச் சொன்னா ரிஜெக்ட் ஆயிருமுங்க. சீப்புன்னு சொல்லுங்க. கொறைய கொசுன்னு வெச்சுக்குங்க."

"எங்கூட்டுல கொசுவே இல்லியேப்பா."

"சாயங்காலம் கதவத் தொறந்து வெய்ங்க. வந்துரும்."

முதல் நாள் பன்னிரண்டு பேரில் ஒன்பது ரிஜெக்ட். கம்பெனியில் ரிஜெக்ட் பீஸை வீசிவிட மாட்டார்கள். பிரித்து, ஆல்ட்டர் பண்ணி, மறுபடி தைப்பார்கள். நல்லானும் மறுபடி போனான். இந்தத் தடவை பொன்னுச்சாமியைச் சுற்றிக் குடைக்காரர்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

"சீப்புக்காரங்கிட்ட எவ்வளவு வாங்குன?"

"சத்தியமா நான் கட்சி இல்லீங்க. மருதாளக்காதான் சாம்பிள். அவங்க சீப்பு. அதுனால வீதியே சீப்பா இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

"ஓகோ, வீதிக்கே தலைவியா அந்தம்மா? இனி அந்த மெஸ்ஸுல நாங்க கை நனைக்கறதில்ல."

அன்றைக்கு மத்தியானமே மெஸ்ஸில் ஏழு இலை குறைந்தது. நல்லான் அந்தப் பக்கமே போகவில்லை. டீயும் பன்னும் தின்றுகொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர்கள் சலித்துப்போய் "சரி, என்னமோ எழுதிக்க" என்று சொல்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை ஐம்பது பாரமும் முடிந்தது.

சித்ரகலா புரட்டிப் பார்த்தாள். திரும்பவும் புரட்டினாள்.

"அம்பதும் சீப்பா? அம்பது பேருக்கும் கொசுவா?"

"சாம்பிள் மாதிரியே எடுத்திருக்கறனுங்க. ஒரு நூல் பிசகாது."

நடந்ததை அவன் ஒளிக்காமல் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்பது பாரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு முதல் பாரத்தை மட்டும் எடுத்து வைத்தாள்.

"அவங்களா வாயத் தொறந்து சொன்னது இது ஒண்ணுதாண்ணா. இது ஒண்ணுதான் நெசம். இந்தாங்க முப்பத்தஞ்சு."

இரண்டு நோட்டையும் நாணயத்தையும் பிடித்துக்கொண்டு நல்லான் மெஸ்ஸுக்கு வந்தான். உள்ளே நிற்க இடமில்லை. எல்லார் சட்டையிலும் சீப்புச் சின்னம் குத்தியிருந்தது.

"இவ்வளவுதானுங்கக்கா கெடச்சுது," என்று நீட்டினான்.

மருதாள் அதைப் பார்க்கவே இல்லை. கணக்கு நோட்டை விரித்து அவன் பேர் இருந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"உன்ற பாக்கி தள்ளியாச்சு. போய் உக்காரு."

"ஏனுங்கக்கா?"

"சீப்புல நிக்கற தனபாலு, குடைக்காரங்க கோவிச்சுட்டுப் போனதக் கேள்விப்பட்டு, எலெக்சன் முடியறவரைக்கும் தெனம் எம்பது சாப்பாடு சொல்லியிருக்கறான். 'இந்த வீதியில மொதல்ல சீப்புன்னு சொன்ன மகராசி நீங்கதான்'ங்கறான். ஏன்டா நல்லா, நான் எப்படா சொன்னேன்?"

"நீங்கதானுங்க. 'ஒரே சீப்புதான், தெனமும் அதேதான்'னு சொன்னீங்க. நெசமுன்னு அந்த சூப்பர்வைசர் புள்ளயே எடுத்து வெச்சுக்கிச்சுங்களே."

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பழக்காரர் தலையை உள்ளே நீட்டினார்.

"அக்கா, அன்னிக்கு வாங்குன அந்த ஒரு சீப்புப் பூவம்பழத்துக்கு இன்னும் முப்பத்தஞ்சு ரூபா தரலீங்களே."