லீஸ்லொட் அடக்கிய ஆறு

எண்திசையும் செவி சாய்க்கட்டும். பெல்ஜியத்துக் கெண்ட் நகரத்து நகரமைப்புக் கல்லூரியின் இரண்டாமாண்டுத் திலகமும், வகுப்புத் தலைவியும், மஞ்சள் மழைக்கோட்டுப் போர்த்த மாமலையும், சொன்ன சொல் பிறழாச் செம்பட்டைக் கூந்தலாளுமாகிய லீஸ்லொட் வாழ்க. அவள் கொற்றம் வாழ்க, கொள்கை வாழ்க. எல்லாவற்றுக்கும் மேலாக, நவம்பர் மழை கொட்டிய ஒரு பிற்பகலில், பெருக்கெடுத்து வந்த ஓர் ஆற்றைத் தனியொருத்தியாக அணைகட்டி நிறுத்திய அவளது சிறுநீர்ப்பை நீடூழி வாழ்க.

ஆம்ஸ்டர்டாம் என்பது எவரையும் எதற்கும் தடுக்காத திருநகர். கல்விச் சுற்றுலா அங்கேதான் என்று கேட்ட நாள்முதல் வகுப்பு ஆண்பிள்ளைகளின் கண்களில் ஒரு தினுசான ஒளி குடியேறியிருந்ததைக் கண்டு வெகுண்ட நம் தலைவி, ரயில் எல்லையைத் தாண்டும் தறுவாயில் இருக்கை மேல் ஏறி நின்று ஆணை பிறப்பித்தாள்.

"நாம போறது படிக்க. அந்தச் சிவப்பு விளக்கு ஜன்னல் தெருப் பக்கம் எவனும் தலை காட்டக் கூடாது. அங்க இருக்கறது மனுஷங்க, மிருகக்காட்சி சாலை இல்ல."

பிக்பாக்கெட்டுக்கு அஞ்சி, அனைவரின் பர்சுகளும் விடுதி லாக்கரில் சிறை வைக்கப்பட வேண்டும் என்பதும் அவள் ஆணையே. பொதுப்பணம் மட்டும் வகுப்புத் தோழன் பாவோவிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்தக் கூட்டத்திலும் தலை தெரியும் நெட்டையன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது.

"மூச்சாவது விடலாமா, தலைவி?" என்று கேட்டான் பாவோ.

நகருக்குள் நுழைந்ததும் அந்த நெட்டையன், இரு தோழர்களுடனும் பொதுப்பணத்துடனும், கஞ்சாப் பச்சிலைப் புகை மணக்கும் கடையொன்றினுள் மறைந்தான். போகும்போது தலைவியின் வாயை அடைக்க எதிர்க்கடையில் புதினாத் தேநீர் வாங்கித் தந்துவிட்டுத்தான் போனான். தம்ளர் தம்ளராய் அருந்தியபடி, எதிர்வாசலை எரிக்கும் பார்வையால் காவல் காத்தாள் லீஸ்லொட். அவள் உடம்பினுள் இறங்கியது வெறும் தேநீர் அன்று, திரவ வடிவான ஒழுக்கம்.

பிறகு ஆசிரியை கல்லவார்ட் மீதிப்பேரைத் திறந்த படகில் ஏற்றினார். மேலே மழை, கீழே கால்வாய், நடுவே தேநீர்.

கரையேறியபோது தலைவியின் நடையில் ஓர் அன்னத்தின் நிதானம் கூடியிருந்தது. ஆசிரியையோ கால்வாயோரத்துப் பச்சை இரும்புச் சிறுநீர்க்கூண்டின் முன் நின்று, பொதுவெளி எல்லோருக்கும் சொந்தம் என்று விரிவுரையாற்றத் தொடங்கினார். ஆண்பிள்ளைகள் களப்பணி என்ற பெயரில் ஒவ்வொருவராய் உட்புகுந்து, முற்றும் துறந்த முனிவரைப்போல் முகம் மலர்ந்து வெளிப்பட்டனர். நின்றபடி போவோருக்கென்றே சமைக்கப்பட்ட கூண்டு அது. ஐந்தே நிமிஷத்தில் வருவதாக ஆசிரியையிடம் சொல்லிவிட்டு, பற்களைக் கடித்தபடி போர்க்களம் புகுந்தாள் லீஸ்லொட்.

முதற்களம் அப்பக்கடை. அதன் கழிப்பறை வாயிலில் தடுப்புக் கதவென்னும் சுழலும் இரும்புக் கையன் ஒருவன் வழிமறித்து நிற்க, பக்கத்திலேயே அவனுடைய அமைச்சனாகிய காவலாளி அமர்ந்திருந்தான். கார்ட் தேய்த்தால்தான் திறக்கும் என்றான். கார்ட் லாக்கரில் இருக்கிறது என்றாள்.

"அப்ப லாக்கருக்குத்தாங்க போகணும்."

இரண்டாம் களம் காப்பிக்கடை. அங்கே கதவைத் திறக்கும் மந்திர எண் ரசீதின் அடியில்தான் அச்சாகுமாம். ரசீதுக்குக் காசு வேண்டும், காசுக்குப் பாவோ வேண்டும், பாவோவோ இந்நேரம் புகைமண்டலத்தில் மேகங்களோடு அளவளாவிக்கொண்டிருந்தான். மூன்றாம் களமாக, மானத்தை மழைக்கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு கால்வாயோரத்து மரத்தின் பின் அவள் ஒதுங்கியபோது, சைக்கிளேறிய காவலர் ஒருவர் கனிந்த முகத்தோடு மணியடித்தார்.

"இந்த ஊர்ல என்ன வேணா செய்யலாம்மா. இது மட்டும் ஃபைன்."

மும்முறை தோற்ற தலைவி, வில்லிழந்த வேடனைப்போல், ஆனால் வேடனைவிடச் சிறிய அடிகளாக எடுத்துவைத்து, இடமும் வலமும் பாராது சந்து சந்தாய் ஓடினாள். ஓட்டம் நின்ற இடத்தில் ஈரக்கற்கள் சிவந்திருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். எவனும் தலை காட்டக் கூடாதென்று எந்தத் தெருவைக் குறித்து ஆணையிட்டாளோ அந்தத் தெரு. ஒருபுறம் சபதம் இழுக்க மறுபுறம் புதினா நெருக்க, எவரையும் வேடிக்கை பார்த்துவிடாதபடி தலை குனிந்து, கால்மேல் கால் பின்னி நகர்ந்தாள்.

கண்ணாடியில் மோதிரம் தட்டும் ஓசை கேட்டது. கதவைத் திறந்தவள் கோரி, ஐம்பதை நெருங்கியவள். தொழிலுடையின்மேல் கம்பளிச் சால்வை, காலில் தடித்த காலுறை, கையில் பாதி கடித்த சீஸ் ரொட்டி.

"என்ன பொண்ணே, ஒண்ணுக்கா?"

வாயைத் திறந்தால் எது திறக்குமோ என்றஞ்சித் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உள்ள வா. காலத் தொடச்சிட்டு வா, இப்பதான் பெருக்கினேன்."

"எங்கிட்ட காசில்லக்கா."

"ஒண்ணுக்குப் போக எவடி காசு கேட்டா? பெல்ஜியமா நீ, பேச்சுலயே தெரியுது. போ. சங்கிலிய ரெண்டு தடவ இழு, ஒரு தடவைக்கு மசியாது."

சொல்லிவிட்டு, பிள்ளைக்குக் கூச்சமாக இருக்குமே என்று திரையை இழுத்து மூடினாள். உள்ளே வாடிக்கை ஆள் இருந்தால்தான் அந்தத் தெருவில் திரை மூடும் என்பது ஊரறிந்தது.

அதன்பின் நிகழ்ந்ததைப் பாடச் சொல்லுக்கு வலுவில்லை. மதகுகள் திறந்தன. கெண்டில் ஓடும் ஸ்கெல்டே நதி வெட்கித் தலைகுனிந்தது. உலகத்தார் மீது, பாவோ உட்பட, அவளுக்கு அளவிறந்த அன்பு சுரந்தது.

புத்துயிர் பெற்றுக் கதவைத் திறந்தாள். வெளியே வகுப்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. நகரமைப்பில் முனைவர் பட்டம் பெற்ற கல்லவார்ட் அம்மையார், வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி வழிதவறி வந்திருந்தார். புகைக்கடை மூவரும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தனர். சிவந்த கண்களால் கதவையும் திரையையும் தலைவியையும் ஆற அமரப் பார்த்த பாவோ, பொதுப்பணப் பொறுப்பாளனுக்குரிய கவலையோடு கேட்டான்.

"தலைவி, பொதுக்கணக்குல இத என்னன்னு எழுதட்டும்?"

சிரிப்பு கிளம்பியது. வழிதவறி வந்தேன், இவள் யாரென்றே தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரயிலில் ஏறிநின்ற மானம் மீண்டுவிடும். லீஸ்லொட் அந்த வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டுவந்தும்விட்டாள். அப்போது பின்னால் ரொட்டி மெல்லும் சத்தம் நின்றது. அவள் வார்த்தையை விழுங்கினாள்.

"ஊரே என்னை வெரட்டுச்சு. இந்த அக்காதான் கதவத் திறந்தாங்க. சிரிக்கறவன் முதல்ல அவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுச் சிரி."

பாவோ தொப்பியைக் கழற்றினான். "வணக்கங்க்கா."

கோரி ரொட்டியை உயர்த்தி ஏற்றுக்கொண்டாள். அப்போதுதான், நெடுநேரமாய் முழங்கால்களைச் சேர்த்து நின்றிருந்த கல்லவார்ட் அம்மையார், பொதுவெளியைப் பற்றிய கோட்பாடுகள் யாவற்றையும் துறந்து, லீஸ்லொட்டின் காதருகே குனிந்தார்.

"இன்னொரு ஆள் போகலாமான்னு கேளேன்."

அன்று அச்செந்தெரு கண்ட வரிசையை அதற்குமுன் கண்டதில்லை. வாசல்முதல் பாலம்வரை பெண்படை அணிவகுத்து நிற்க, ஆண்படை அவர்தம் கோட்டுகளையும் பைகளையும் தோளில் தாங்கிப் பின்காத்தது. படமெடுக்கக் கையுயர்த்திய பயணியர்முன் குடையைக் கேடயமாய் விரித்து, இங்கே படமெடுக்கக் கூடாதென்று முழங்கினான் நெட்டையன் பாவோ. ஒவ்வொருத்திக்கும் சங்கிலியை இரண்டு தடவை இழுக்கச் சொல்லி வாயிற்காவல் புரிந்தாள், தன் ஆணையைத் தானே உடைத்த தலைவி. வரிசை பாதி கரைந்தபோது உள்ளிருந்து ஓர் அபயக்குரல் எழுந்தது.

பாவோ பொதுப்பணத்தில் போய் ஒரு கட்டு டாய்லெட் பேப்பர் வாங்கி வந்தான்.